எக்ஸ்ப்ளோரர் வடிவக் கிட்டாருக்குக் கட்டுப்படியான விலையில் ஒரு ஹார்டு கேஸ்

ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர், லெஸ் பால் ஆகிய வடிவங்களில் எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஹார்டு கேஸ் எனப்படும் கெட்டியான பெட்டி வாங்குவது ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் வேலை. பெரிய இசைக்கருவிக் கடை எதிலும் அவற்றுக்கான பெட்டி இருக்கும். இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்தில் வரவழைத்துத் தருவார்கள். எக்ஸ்ப்ளோரர், ஃப்ளையிங் வி, ஃபயர்பேர்டு, வார்லாக் போன்ற வழக்கத்துக்கு மாறான வடிவங்களை விரும்பி வாங்கியவர்களின் நிலைமை வேறு. என்னிடம் இருப்பது எபிஃபோன் நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர். பழைய கிட்டாராக வாங்கியபோது அதனுடன் ஒரு மெல்லிய பை மட்டுமே வந்தது. சென்னையிலிருந்து வெளியூர் நிகழ்ச்சிகளுக்கு ரயிலிலும் ஆம்னி பேருந்திலும் எடுத்துச் செல்ல வேண்டியிருந்ததால், அதற்கு உறுதியான பெட்டி தேடத் தொடங்கினேன். அந்தத் தேடலில் தெரிந்துகொண்டவற்றை, இதே வடிவத்தையோ இதைவிட விசித்திரமான வடிவத்தையோ வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இந்த வடிவங்களுக்குப் பெட்டி ஏன் கிடைப்பதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சமாகும். எக்ஸ்ப்ளோரரையும் ஃப்ளையிங் வி-யையும் கிப்சன் நிறுவனம் 1958இல் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ தொழிற்சாலையில் கொரினா மரத்தில் செய்து வெளியிட்டது. அன்றைய வாடிக்கையாளர்கள் அவற்றை ஏற்றுக்கொள்ளவில்லை. மிகக் குறைவாகவே விற்றன, விரைவிலேயே தயாரிப்பும் நின்றது. எழுபதுகளில் எக்ஸ்ப்ளோரர் மீண்டும் வந்து, அதன் பிறகு ஹெவி மெட்டல் இசைஞர்களின் கைகளில் புகழ் பெற்றது. ஆனாலும் மொத்த விற்பனையில் அதன் பங்கு சிறியதுதான். பிளாஸ்டிக்கை வார்த்துச் செய்யும் பெட்டிக்கு ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனி அச்சு வேண்டும். அந்த அச்சின் செலவை ஆயிரக்கணக்கான பெட்டிகளில் பகிர்ந்தால்தான் விலை குறையும் என்பதால், பெட்டி உற்பத்தியாளர்கள் அதிகம் விற்கும் வடிவங்களுக்கே முதலிடம் தருகிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்காக இருப்பவையும் பொதுப்பெட்டிகளே. அமெரிக்க நிறுவனமான எஸ்கேபி தன் 63 எண் பெட்டியை எக்ஸ்ப்ளோரர், ஃபயர்பேர்டு இரண்டுக்கும் சேர்த்தே விற்றது. கேட்டர் நிறுவனத்தின் ‘எக்ஸ்ட்ரீம்’ என்ற மரப்பெட்டியும் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதே.

அந்தப் பெட்டிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமே என்று முதலில் தோன்றும். அங்கே பெட்டியின் விலையைவிட அது அடைத்துக்கொள்ளும் இடம்தான் நம்மை அடிக்கிறது. விமானக் கூரியர் நிறுவனங்கள் உண்மையான எடை, கன அளவு எடை இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம் வாங்குகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பது வழக்கமான கணக்கு. அட்டைப்பெட்டியில் கட்டிய ஒரு எக்ஸ்ப்ளோரர் பெட்டி 125 × 52 × 22 செ.மீ. இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அது 28.6 கிலோவாகக் கணக்கிடப்படும். உள்ளே இருக்கும் பெட்டியின் உண்மையான எடை அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. காற்றைச் சுமந்து வருவதற்கு நாம் பணம் கொடுக்கிறோம். அதன் மேல் சுங்க வரியும் ஜிஎஸ்டியும் அனுப்புசெலவையும் சேர்த்த தொகைக்கே கணக்கிடப்படுகின்றன. கிட்டாரின் விலையில் பாதியைப் பெட்டிக்குக் கொடுப்பது நியாயமாகத் தோன்றாததால் அந்த வழியை விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில்தான் தேடும் முறையையே மாற்றிக்கொண்டேன். கிட்டாரின் பெயரைச் சொல்லிப் பெட்டி தேடுவதை நிறுத்திவிட்டு, அளவைச் சொல்லித் தேட ஆரம்பித்தேன். கிட்டாருக்கு வெளியே தேவைப்படுவது உடையாத ஒரு செவ்வகப் பெட்டி. அது எந்தப் பொருளுக்காகச் செய்யப்பட்டது என்பது முக்கியமில்லை. கருவியைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் ஃபோமின் வெட்டு. அந்த வெட்டை நாமே செய்துகொள்ள முடியும், அதற்குத் தொழிற்சாலை எதுவும் வேண்டியதில்லை.

அளவெடுப்பதில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் அளவுகளை நம்ப வேண்டாம். ஒரே பெயரில் வெவ்வேறு ஆண்டுகளில் வந்த கிட்டார்களுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. சார்ட் தாள்களை ஒட்டித் தரையில் விரித்து, அதன் மேல் கிட்டாரை மல்லாக்க வைத்து, பென்சிலை நேர்க்குத்தாகப் பிடித்து முழு உருவத்தையும் வரைந்துகொள்ள வேண்டும். தோள்பட்டையை மாட்டும் ஸ்ட்ராப் பட்டன், கம்பிகளை முறுக்கும் ட்யூனர்களின் காதுகள், சுருதியை அசைக்கும் விப்ரேட்டோ கம்பி இருந்தால் அதன் நுனி ஆகிய எல்லாமே வரைபடத்தில் வர வேண்டும். என் கிட்டாரின் நீளம் 110 செ.மீ.க்குச் சற்று மேல். நெக் எனப்படும் நீண்ட கழுத்தின் அச்சுக்குச் செங்குத்தாக அளந்தால் உடலின் அகலம் 45 செ.மீ.க்கு அருகில் வந்தது.

ஆனால் அந்த 45 செ.மீ. உண்மையில் தேவையான அகலம் இல்லை. எக்ஸ்ப்ளோரரின் உடலில் இரண்டு நீண்ட முனைகள் குறுக்கு மூலைகளில் இருக்கின்றன: வாசிக்கும்போது வலக்கை தங்கும் பின்பக்க இறக்கை ஒன்று, அதற்கு நேர் எதிரே முன்பக்கம் கீழே நீளும் கொம்பு மற்றொன்று. கிட்டாரைப் பெட்டிக்குள் நேராக வைக்காமல், ஹெட்ஸ்டாக் (ட்யூனர்கள் உள்ள தலைப்பகுதி) தடித்த கம்பிகளின் பக்கம் போகும்படி ஐந்தாறு டிகிரி சாய்த்தால், இந்த இரண்டு முனைகளும் நடுக்கோட்டை நோக்கி வந்துவிடுகின்றன. வரைந்த உருவத்தைக் கத்தரித்து எடுத்து, இணையாக வைத்த இரண்டு நீண்ட மரச்சட்டங்களுக்கு இடையே மெதுவாகத் திருப்பிப் பார்த்தால், எந்தக் கோணத்தில் சட்டங்கள் மிக நெருங்குகின்றன என்பது கண்ணுக்கே தெரியும். எனக்கு அகலம் 42 செ.மீ. ஆகக் குறைந்தது. ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான இந்த லாபம் சிறியதாகத் தோன்றலாம். ஒரு பெட்டிக்குள் கிட்டார் போகுமா போகாதா என்பதை அதுதான் பல இடங்களில் தீர்மானிக்கிறது.

அகலத்தைவிடப் பலர் மறப்பது ஆழத்தை. கிப்சன் வகைக் கிட்டார்களில் ஹெட்ஸ்டாக் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும்; கோணம் பெரும்பாலும் 14 முதல் 17 டிகிரி வரை. எக்ஸ்ப்ளோரரின் ஹெட்ஸ்டாக், ஆறு ட்யூனர்களும் ஒரே வரிசையில் அமைந்த நீளமான ஒன்று. ஏறக்குறைய 20 செ.மீ. நீளமுள்ள ஒரு தலை அந்தக் கோணத்தில் சாயும்போது அதன் நுனி சுமார் 5 செ.மீ. கீழே இறங்குகிறது. அதன் தடிமனையும் பின்னால் துருத்தும் ட்யூனர்களையும் சேர்த்தால், தலையின் பின்பகுதி உடலின் முதுகைவிடத் தாழ்வாகப் போய்விடும். இப்படிப்பட்ட கிட்டாரை மேசையில் மல்லாக்க வைத்தால் ஹெட்ஸ்டாக் மேசையைத் தொடுவது அதனால்தான். ஆகவே பெட்டிக்குள் உடலை நாலு சென்டிமீட்டராவது உயர்த்தி வைக்க வேண்டும். அந்த நாலு, உடலின் நாலு, உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் உயரம், மூடியின் உட்புற ஃபோம் எல்லாம் சேர்ந்து எனக்கு உள் ஆழம் 13 செ.மீ. தேவைப்பட்டது. நான்கு பக்கமும் ஃபோமுக்கு இடம் விட்டுக் கடைசியில் நான் கையில் எழுதி வைத்துக்கொண்ட உள் அளவு 115 × 45 × 13.

இந்த மூன்று எண்களுடன் கிளம்பினால் கடைகளில் நேரம் வீணாவதில்லை. செவ்வகமான பேஸ் கிட்டார் பெட்டியை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். நீளம் தாராளமாக இருக்கும், அகலம் போதாது. துப்பாக்கிகளுக்காகவும் கருவிகளுக்காகவும் செய்யப்படும் பெலிக்கன் 1750 என்ற புகழ்பெற்ற பெட்டியின் உள் அளவு 50.5 × 13.5 அங்குலம், அதாவது 128 × 34 செ.மீ.; ஃபயர்பேர்டு வைத்திருப்பவர்கள் அளந்து பார்க்கலாம், எக்ஸ்ப்ளோரருக்கு உதவாது. 76 கட்டைகள் கொண்ட கீபோர்டுகளுக்கான பெட்டிகள் நீளத்திலும் ஆழத்திலும் பொருந்தின. அகலத்தில் மட்டும் சிலவே நெருங்கி வந்தன. பழைய கனத்த கீபோர்டு ஒன்றின் பெட்டி எங்காவது மலிவாகக் கிடைத்தால், டேப்பை எடுத்து அளந்து பார்ப்பதில் நஷ்டமில்லை. என் கண்ணில் அப்படி எதுவும் படவில்லை.

அடுத்ததாக வீணைக்குக் கண்ணாடியிழைப் பெட்டி செய்து தரும் ஒரு பெரியவரைப் போய்ப் பார்த்தேன். கிட்டார் வாசிப்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. ஒழுங்கற்ற உருவமும் உடையக்கூடிய தலையும் உள்ள ஒரு கருவியை ஊர் ஊராகக் கொண்டுசெல்லும் சிக்கலைத் தமிழ்நாட்டில் வீணைக்காரர்கள் வெகுகாலமாகச் சமாளித்து வருகிறார்கள். ஒற்றைப் பெட்டிக்காகப் புது அச்சு செய்தால் செலவு கட்டுப்படியாகாது என்று அவர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். ஆனால் கிட்டாரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது விலைமதிப்பற்றது. “தம்பி, குடமும் தண்டியும்தான் பெட்டியில உட்காரணும். யாளி முகம் எதுலயும் படாம தொங்கணும். உங்க வாத்தியத்துக்கும் அதுதான்.” 

வீணையின் யாளி முகத்தின் இடத்தில் கிட்டாரில் இருப்பது ஹெட்ஸ்டாக். அவருடைய சொல்லுக்குப் பின்னால் உள்ள காரணத்தை விளக்க வேண்டும். 24.75 அங்குல ஸ்கேல் (கம்பியின் அதிரும் நீளம்) கொண்ட கிட்டாரில் 10–46 தடிமன் கம்பிகளை வழக்கமான சுருதியில் கட்டினால், ஆறு கம்பிகளும் சேர்ந்து நாற்பது கிலோவுக்கு மேற்பட்ட விசையுடன் ஹெட்ஸ்டாக்கை முன்னோக்கி இழுக்கின்றன. நெக் ஒரே மஹோகனித் துண்டில் செதுக்கப்பட்டிருந்தால், தலை சாயும் இடத்தில் மரத்தின் ரேகைகள் குறுக்கே வெட்டுப்பட்டிருக்கும். அதே இடத்தில் நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உட்கம்பியான டிரஸ் ராடின் திருகுக்காகக் குழியும் தோண்டியிருக்கிறார்கள். மெலிந்த மரம், குறுகிய ரேகை, இடைவிடாத இழுவிசை ஆகிய மூன்றும், நெக்கின் முனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டு என்ற சிறு பட்டைக்குப் பின்னால், ஓர் அங்குலப் பரப்பில் கூடுகின்றன. பெட்டி மல்லாக்க விழும்போது ஹெட்ஸ்டாக் அடியில் இருக்கும் ஃபோமில் மோதினால், அது பஞ்சுபோன்ற ஃபோமாகவே இருந்தாலும், முறியக் காரணம் போதும். கிட்டாரைச் சுற்றிலும் மெத்தென்று அடைத்துவிட்டால் பாதுகாப்பு என்ற எண்ணம் இந்த இடத்தில் தவறாகிவிடுகிறது. தலையைச் சுற்றி எல்லாப் பக்கமும் வெற்றிடம் வேண்டும்.

வெளிப்பெட்டியை இறுதியில் செய்துகொடுத்தது, கச்சேரிகளுக்கும் திருமண நிகழ்ச்சிகளுக்கும் ஒலி, ஒளி சாதனங்களை வாடகைக்கு விடுபவர்களுக்காக ஃப்ளைட் கேஸ் எனப்படும் பயணப் பெட்டிகள் செய்யும் ஒரு சிறிய பட்டறை. மிக்சருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் பெட்டி செய்பவர்களுக்கு ஒவ்வொன்றுமே தனி அளவுதான். எனவே அளவு விசித்திரமாக இருப்பதற்காக அவர்கள் கூடுதலாக எதுவும் கேட்பதில்லை. ப்ளைவுட், விளிம்புகளில் அலுமினியச் சட்டம், மூலைகளில் இரும்புப் பந்துமூலை, உட்குழிந்த பட்டர்ஃபிளை லாக் (திருகிப் பூட்டும் தாழ்) என்ற அதே செய்முறைதான். சட்டத்தின் ஒரு பாதி மற்றொன்றின் பள்ளத்தில் அமரும் வகையாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் வலியுறுத்திக் கேளுங்கள். மழைநீரும் தூசியும் உள்ளே போகாமல் தடுப்பது அந்தப் பள்ளம்தான்.

அவர்களிடம் விவாதிக்க வேண்டியிருந்தது எடையைப் பற்றி. ஸ்பீக்கர் பெட்டி செய்து பழகிய கைகள் எல்லாவற்றுக்கும் 9 மி.மீ. பலகையையே எடுக்கும். 118 × 48 × 15 செ.மீ. வெளியளவுள்ள பெட்டியின் மொத்தப் பரப்பு சுமார் 1.6 சதுர மீட்டர். 9 மி.மீ. ப்ளைவுட் சதுர மீட்டருக்கு ஆறு கிலோ அளவில் இருப்பதால், மரம் மட்டுமே ஒன்பதரை கிலோவைத் தொடும். நான்கு பக்கச் சுவர்களுக்கு 9 மி.மீ., அடிப்பலகைக்கும் மூடிக்கும் 6 மி.மீ. என்று பிரித்துச் சொன்னதில் இரண்டு கிலோவுக்கு மேல் குறைந்தது. அடிகளை வாங்குவது பெரும்பாலும் சுவர்களும் மூலைகளுமே என்பதால் உறுதியில் பெரிய இழப்பில்லை. இன்னும் மெல்லிய பலகை வேண்டாம். மற்றவர்கள் தங்கள் பெட்டிகளை இதன் மேல் அடுக்கத்தான் போகிறார்கள். முடிந்த பெட்டி ஏறத்தாழ 10 கிலோ, கிட்டாருடன் 14. தோளில் மாட்டிக்கொண்டு நடந்துபோகும் பொருள் இல்லை இது. ஆட்டோவிலும் ரயிலின் கீழ்ப்படுக்கைக்கு அடியிலும் போகும் பொருள்.

கைப்பிடியைப் பட்டறையிலேயே பொருத்தவிடாமல், ஃபோம் வெட்டி முடித்த பிறகு பொருத்தச் சொன்னேன். கிட்டாரின் எடை உடலின் பக்கம் குவிந்திருப்பதால் பெட்டியின் நடுவில் கைப்பிடி வைத்தால் ஒரு முனை எப்போதும் தரையை நோக்கித் தாழும். கிட்டாருடன் மூடிய பெட்டியை ஒரு குழாயின் மேல் குறுக்கே வைத்து, எந்தப் புள்ளியில் சமன் ஆகிறது என்று குறித்துக்கொண்டு, அங்கே துளையிட்டால் போதும்.

உள்வேலைக்கு இரண்டு வகை ஃபோம் தேவை. மெத்தைக் கடைகளில் 23, 32, 40 என்று டென்சிட்டி எண் சொல்லி விற்கும் பஞ்சு ஃபோமை மட்டும் வைத்தால், கிட்டாரின் எடையில் அது அமுங்கி, அடி விழும்போது உடல் நேராகப் பலகையில் இடிக்கும். சுமை தாங்குவதற்கு ஈபிஇ எனப்படும் கெட்டியான வெள்ளை பேக்கிங் ஃபோமை அடுக்கி ஒட்டி, அதன் மேல் ஒரு சென்டிமீட்டருக்கு 40 டென்சிட்டி ஃபோமை வைத்து, வெல்வெட் துணியால் போர்த்தினேன். நீண்ட பிளேடு கொண்ட கட்டரும் அளவுகோலும் போதும். பிளேடை அடிக்கடி மாற்றினால்தான் வெட்டு பிசிறில்லாமல் வரும்.

கிட்டார் உட்காரும் இடங்களைத் தேர்ந்தெடுப்பதில் வீணைப் பெரியவரின் விதியையே பின்பற்றினேன். உடலின் முதுகு முழுமையாகத் தாங்கப்படுகிறது. பக்கவாட்டில், உடலின் நீண்ட நேர்விளிம்புகளும் இடைப்பகுதியும் மட்டுமே ஃபோமை இறுக்கித் தொடுகின்றன. கூர்முனைகள் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு வெற்றிடம் விட்டிருக்கிறேன், ஏனென்றால் இந்த வடிவத்தில் பெயின்ட் முதலில் உதிர்வது அங்கேதான். ஸ்ட்ராப் பட்டனுக்கும் அப்படியே. பெட்டி செங்குத்தாக நிற்கும்போது மொத்த எடையும் அந்த ஒரு திருகில் இறங்கினால் அதன் துளையைச் சுற்றி மரம் விரிசல் விடும். நெக்கைத் தாங்கும் மேடை முதல் ஃபிரெட்டிலிருந்து (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) ஐந்தாம் ஃபிரெட் வரை நீள்கிறது, கிட்டாரின் சாய்வுக்கேற்பக் கோணலாக வெட்டப்பட்டது. மூடியில் அதற்கு நேர் மேலே ஒரு சிறு திண்டு இருக்கிறது. நெக் மேலும் கீழும் அசையாமல் பிடிப்பது இவை இரண்டும்தான். பிரிட்ஜுக்கும், கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்புக்கும் மேலே மூடி எதையும் அழுத்தக் கூடாது.

சரிபார்ப்பதற்கு எளிய வழி உண்டு. செய்தித்தாளைப் பட்டை பட்டையாகக் கிழித்து, ஹெட்ஸ்டாக்கைச் சுற்றியும் நெக்கின் மேலும் கீழும் வைத்து, நுனிகள் வெளியே தெரியும்படி மூடியைச் சாத்தி, பூட்டாமல் ஒவ்வொரு பட்டையாக இழுத்துப் பாருங்கள். நெக்கின் பட்டைகள் சற்றே பிடிக்க வேண்டும். ஹெட்ஸ்டாக்கின் பட்டைகள் தங்குதடையின்றி வர வேண்டும். பிறகு பூட்டி, பெட்டியை நாலு பக்கமும் நிறுத்தி லேசாக உலுக்கும்போது உள்ளே எந்தச் சத்தமும் கேட்கக் கூடாது.

ஒட்டுவதற்குப் பயன்படும் ஃபெவிகால் எஸ்ஆர் போன்ற ரப்பர் பசைகளில் கரைப்பான் இருப்பதால், எல்லாம் முடிந்த பிறகும் நாசியில் வாடை ஏறாத வரை பெட்டியைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். கிப்சன் கிட்டார்களில் இருப்பது போன்ற நைட்ரோ செல்லுலோஸ் பூச்சு உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: ரப்பரும் வினைலும் சிலவகை ஃபோமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பூச்சு இளகித் தழும்பாகும். அவர்கள் ரெக்சினைத் தவிர்த்துப் பருத்தித் துணியைப் போர்த்துவது நல்லது. என் எபிஃபோனின் பாலியூரித்தேன் பூச்சுக்கு அந்தக் கவலை இல்லை. சென்னையின் ஈரக்காற்றுக்காக நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பை ஒன்றை ஹெட்ஸ்டாக் பக்கத்து வெற்றிடத்தின் மூலையில் துணிப்பையில் கட்டி வைத்திருக்கிறேன்.

செலவைக் கேட்பவர்களுக்கு: பட்டறைக்கு ஏழாயிரம் ரூபாய், ஃபோம், துணி, பசை, பாரிமுனையில் வாங்கிய கைப்பிடி எல்லாம் சேர்த்து மேலும் ஆயிரத்து ஐந்நூறு. இறக்குமதிக்கு ஆகியிருக்கக்கூடிய தொகையில் இது பாதிகூட இல்லை. விமானத்தில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பல விமான நிறுவனங்கள் பதிவுச் சுமைக்கு மூன்று அளவுகளின் கூட்டுத்தொகையை 158 செ.மீ. என்று வரையறுத்திருக்கின்றன, இந்தப் பெட்டியின் கூட்டுத்தொகை 181. இசைக்கருவிகளுக்கான தனி விதியைப் பயணத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அப்படிப் பயணிக்கும்போது கம்பிகளை இரண்டு சுருதி இறக்கிவிடுகிறேன். முறிவுக்குக் காரணமாகும் இழுவிசை குறையும். ஒரு நாள் தளர்வதால் நெக்குக்கு எந்தக் கேடும் வருவதில்லை.

வேறு வடிவங்களுக்கும் இதே முறை செல்லும், சில மாற்றங்களுடன். ஃப்ளையிங் வி சமச்சீரானது என்பதால் சாய்த்து வைப்பதில் லாபமில்லை. ஆனால் அதன் இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே உள்ள கவட்டையில் ஒரு கெட்டியான ஈபிஇ கட்டையைப் பொருத்திவிட்டால், பெட்டி நிமிர்ந்து நிற்கும்போது முழுச் சுமையையும் அதுவே ஏற்றுக்கொள்ளும், இறக்கை நுனிகள் எதையும் தொட வேண்டியதில்லை. 1963இல் கார் வடிவமைப்பாளர் ரே டீட்ரிச் வரைந்துகொடுத்த ஃபயர்பேர்டில், பழைய அமைப்பில் உள்ளவற்றுக்கு பாஞ்சோ வகை ட்யூனர்கள் இருக்கும். அவற்றின் திருகாணிகள் பக்கவாட்டில் வராமல் தலைக்குப் பின்னால் நேராக நீட்டிக்கொண்டிருப்பதால், ஆழத்தை அளக்கும்போது ட்யூனரின் நுனி வரை அளந்து, அதற்கு அப்பாலும் ஒன்றரை சென்டிமீட்டர் வெற்றிடம் விட வேண்டும்.